மங்கம்மாள் மகாலின் கதவு



திருச்சி தெப்பக்குளத்திற்கும் சின்னக்கடை வீதிக்கும் நாம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். தூய லூர்து அன்னை ஆலயத்தில் செபித்துவிட்டு, துணிமணி வாங்கிக்கொண்டு, மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தபடியே பேருந்து ஏறிவிடுகிறோம். அந்தக் கோட்டைப் பகுதியிலேயே, அரசு அலுவலகங்களுக்கு நடுவே, குவிமாடத்துடன் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. அதுதான் இராணி மங்கம்மாள் மகால். இன்று அது அரசு அருங்காட்சியகம். சிறிய கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கற்சிற்பங்களையும் பழைய நாணயங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

ஒரு காலத்தில் அந்த வாசலைத் தாண்ட அனைவருக்கும் அனுமதி இருந்ததில்லை. அது அரசவை கூடிய மண்டபம். தெற்கே குமரி வரை இருந்த மக்களின் வாழ்வும் தாழ்வும் அங்கே முடிவு செய்யப்பட்டன. நம் விசுவாச முன்னோர்களின் பாதுகாப்பும் சில வேளைகளில் அங்குதான் முடிவானது. அந்த வீட்டையும், அதற்குப் பெயர் தந்த ஒரு கைம்பெண்ணின் வாழ்வையும் இன்று சிந்திப்போம்.

இடித்துக் கட்டிய வீடு

மதுரை நாயக்க மன்னர் திருமலை நாயக்கரின் பெயரன் சொக்கநாத நாயக்கர். இவர் 1665ஐ ஒட்டித் தம் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். புதிய தலைநகருக்கு அரண்மனை வேண்டுமே! பாட்டனார் மதுரையில் ஆசை ஆசையாகக் கட்டிய மாபெரும் அரண்மனையின் பகுதிகளை இடித்து, அந்தப் பொருள்களைத் திருச்சிக்குக் கொண்டுவரச் செய்தார். மதுரையில் இன்று நாம் பார்க்கும் திருமலை நாயக்கர் மகால், அன்றிருந்ததில் ஒரு பகுதி மட்டுமே. பாட்டன் கட்டியதைப் பெயரன் இடித்தான். இடித்ததைக் கொண்டு தனக்கென்று வேறொன்று கட்டினான். இந்த வீட்டின் வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது.

சொக்கநாதரின் மனைவி மங்கம்மாள். அவருடைய படைத்தலைவர்களுள் ஒருவரான துபாகுல லிங்கம நாயக்கரின் மகள். சொக்கநாதர் தஞ்சை நாயக்க மன்னர் விசயராகவரின் மகளையும் மணக்க விரும்பிப் பெண் கேட்டார். தஞ்சையார் மறுத்தனர். அதுவே 1673இல் போராக வெடித்தது. விசயராகவர் களத்தில் இறந்தார். தஞ்சை அந்தப்புரத்துப் பெண்கள் வெடிமருந்துக்கு இரையானார்கள். வென்ற தஞ்சையும் சொக்கநாதர் கையில் நிலைக்கவில்லை. அவர் அனுப்பிய ஆளுநரே அவருக்கு எதிராகத் திரும்ப, இரண்டு மூன்று ஆண்டுகளில் மராட்டியரான ஏகோசி தஞ்சையைக் கைப்பற்றினார். மைசூர் ஒருபுறம், மறவர் நாடு மறுபுறம் என்று எல்லைகள் குறுகின. 1682இல் சொக்கநாதர் மனமுடைந்த நிலையில் இறந்தார்.

பாட்டியின் கையில் ஒரு நாடு

கணவர் இறந்தால் மனைவி உடன்கட்டை ஏறுவது அரச குடும்பங்களில் பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. மங்கம்மாள் ஏறவில்லை. இளம் வயது மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பருக்குத் தாயின் துணை தேவைப்பட்டது. மகன் துணிவுள்ளவர், நேர்மையானவர். ஏழு ஆண்டுகள் ஆண்டார். 1689இல் பெரியம்மை நோய் அவரைக் கொண்டுபோனது.

அப்போது மருமகள் முத்தம்மாள் கருவுற்றிருந்தார். கணவரோடு தானும் இறக்கத் துடித்த அவரைப் பிள்ளை பிறக்கும் வரையாவது பொறுக்கும்படி மாமியார் மன்றாடித் தடுத்தார். ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் தாய் பிழைக்கவில்லை. கணவனின்றி வாழ மனமில்லாமல் அவரே தம் உயிரை முடித்துக்கொண்டார் என்கிறது வரலாறு.

கணவர் இல்லை, மகன் இல்லை, மருமகள் இல்லை. மிஞ்சியது கையில் ஒரு பச்சிளங்குழந்தை. பகைவர் சூழ்ந்த ஒரு நாடு. மங்கம்மாள் அந்தக் குழந்தைக்கு விசயரங்க சொக்கநாதன் என்று பெயரிட்டு, பிறந்த சில மாதங்களிலேயே அரசனாக முடிசூட்டினார். அவனுக்காக ஆட்சிப் பொறுப்பைத் தாம் ஏற்றார். அரியணை அவருடையதன்று. பெயரனுடையது. அதை அவன் வளர்ந்து ஆளாகும் வரை காத்துத் தரவேண்டும். 1706 வாக்கில் முடிந்த அவருடைய ஆட்சி முழுவதும் இந்தப் பொறுப்பில்தான் நடந்தது.

நம் பங்குகளிலும் இப்படிப்பட்ட பாட்டிகளை நாம் பார்க்கிறோம். மகனை இழந்து, பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமந்து, அவர்களுக்குப் படிப்பு வாங்கித் தரும் கைம்பெண்கள் எத்தனையோ பேர்! மங்கம்மாளின் சுமை நாடளவு பெரியது. ஆனால் அது அதே சுமைதான்.

மங்கம்மாள் ஆண்ட விதம்

அவர் வீரம் பேசி நாட்டை அழிக்கவில்லை. அவுரங்கசீபின் படைத்தலைவர் சுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நாள்களில், 1693இல், முகலாயரின் மேலாட்சியை ஏற்றுக் கப்பம் கட்ட இசைந்தார். மானம் போயிற்று என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் குடிமக்களின் வயல்கள் தீக்கிரையாகவில்லை.

தேவையென்று பட்டபோது போரும் செய்தார். கப்பம் கட்டாத வேணாட்டின்மேல் 1697இல் படை அனுப்பினார். தஞ்சையோடும் போரிட்டார். ஆனால் மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியை மறித்து அணை கட்டியபோது, அதே தஞ்சையுடன் கைகோத்துப் படை திரட்டினார். நேற்றைய எதிரி இன்றைய துணை. ஆற்று நீர் இல்லையென்றால் இரு நாட்டு உழவனும் பட்டினிதான். படை புறப்படுமுன்பே பெருமழை பெய்து, வெள்ளம் அந்த அணையை உடைத்துக்கொண்டு வந்தது.

இவற்றையெல்லாம்விட மக்கள் மனத்தில் நின்றவை அவர் போட்ட சாலைகளும், நட்ட மரங்களும், கட்டிய சத்திரங்களுமே. தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. ஒருநாள் தெரியாமல் இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அந்தத் தவற்றுக்குக் கழுவாயாகத்தான் இத்தனை அறங்களையும் செய்தாராம். இது மக்கள் சொல்லும் கதை. கதை எப்படியிருந்தாலும், வழிப்போக்கனுக்கு நிழலும் நீரும் சோறும் கிடைத்தது உண்மை.

மகாலுக்குள் வந்த குருவானவர்

இனி நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம்.

மங்கம்மாள் கிறிஸ்தவர் அல்லர். தம் சமயத்தில் ஆழ்ந்த பக்தி கொண்டவர். கோயில்களுக்கு நிறையக் கொடை கொடுத்தவர். ஆயினும் மற்றவர்கள் தங்கள் மனச்சான்றின்படி இறைவனை வழிபடுவதை அவர் தடுக்கவில்லை. 1701இல் திருச்சியிலுள்ள நத்தர்வலி தர்காவுக்குச் சில ஊர்களை மானியமாக விட்டது அவருடைய அரசு. இயேசு சபையின் மதுரை மறைப்பணித்தளக் குருக்களும் அவர் ஆட்சியில் நடமாடவும் போதிக்கவும் முடிந்தது. மறவர் நாட்டில் சிறைப்பட்டிருந்த மெல்லோ என்ற குருவானவரின் விடுதலைக்கும் அவரே காரணமானார்.

அக்காலத்தில் திருச்சிப் பகுதியில் உழைத்தவர் பிரெஞ்சு நாட்டவரான அருட்தந்தை வெனான்சியுஸ் பூஷே. 1697ஐ ஒட்டி ஆவூரில் ஆலயம் எழுப்பியவர் இவர்தான். ஆவூர் பெரியநாயகி அன்னையின் திருவிழாவுக்கும் பாஸ்காவுக்கும் போய்வரும் நம்மில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். பூஷே அடிகளார் காவி உடுத்து, புலால் தவிர்த்து, இந்நாட்டுத் துறவிபோல வாழ்ந்தவர்.

இவர் திருச்சி அரசவைக்கு வந்த நிகழ்ச்சியை இயேசு சபைக் குருக்களின் கடிதங்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆட்சியின் பெரும் பொறுப்பைச் சுமந்திருந்த தளவாய் நரசப்பையரைச் சந்தித்துக் கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாப்புக் கேட்பது அடிகளாரின் நோக்கம். வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா? ஆகவே சில பரிசுகளைக் கொண்டுபோனார். அவற்றுள் சிறந்தது இரண்டடி விட்டமுள்ள ஓர் உலக உருண்டை. அதில் நாடுகளின் பெயர்கள் தமிழில் எழுதப்பட்டிருந்தன. கண்ணாடி உருண்டை, உருப்பெருக்கும் கண்ணாடிகள், சீனத்துப் பொருள்கள் முதலியனவும் இருந்தன.

தளவாய் மகிழ்ந்தார். அரசியாரும் பார்த்து வியந்தார். அடிகளாரை மரியாதையோடு பல்லக்கில் ஏற்றி, இசை முழங்க, நகரின் தெருக்கள் வழியே அழைத்துச் சென்றார்கள். அந்தப் பல்லக்கு ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று பார்த்த கிறிஸ்தவர்களை எண்ணிப்பாருங்கள். எண்ணிக்கையில் மிகச் சிலர். பெரும்பாலும் எளியவர்கள். அண்டை நாடான தஞ்சையில் 1701இல் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. அந்தச் சூழலில், நம் குருவை அரசே மதிக்கிறது என்பதை நேரில் கண்டபோது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் கிடைத்திருக்கும்!

தமிழ் எழுதிய அந்த உலக உருண்டை இன்று எங்கும் இல்லை. அதன் மூலம் கிடைத்த நல்லெண்ணத்தின் பலனை அனுபவித்த குடும்பங்களின் வழிவந்தவர்கள், ஒருவேளை இதை வாசிக்கும் நம்மிடையே இருக்கலாம்.

ஒரு நெருடல்

உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும். 1693 பிப்ரவரி 4ஆம் நாள், ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். அவரைக் கொல்லச் செய்தவர் மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி. பெயரளவில் அந்நாடு மதுரை நாயக்கரின் மேலாட்சிக்கு உட்பட்டது. அப்போது திருச்சியில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் மங்கம்மாளே.

சேதுபதி யாருக்கும் கட்டுப்படாத நிலையில் இருந்தார் என்பது வரலாறு. 1702இல் அவர்மீது மங்கம்மாள் அனுப்பிய படை தோற்றது. பூஷே அடிகளாரை வரவேற்ற தளவாய் நரசப்பையர் அந்தப் போரில் உயிர் துறந்தார். ஆக, அரசியின் கை எட்டாத இடங்கள் இருந்தன. நல்ல மனம் கொண்டவர் ஆட்சியிலும் குற்றமற்ற இரத்தம் சிந்தப்பட்டது. அருளானந்தரை 1947 ஜூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனிதராக உயர்த்தினார். ஓரியூரின் செம்மணலில் முழந்தாளிடும்போதும், மங்கம்மாளின் வாசலை நினைக்கும்போதும், இரண்டையும் சேர்த்தே நாம் நினைக்கவேண்டும். மனிதரின் பாதுகாப்பு ஓர் எல்லை வரைதான். அந்த எல்லைக்குள் ஒருவர் தம்மால் முடிந்ததைச் செய்தால், அதற்கு நன்றி சொல்வது நம் கடமை.

சத்திரம் கட்டியவரின் பசி

பெயரன் வளர்ந்தான். ஆட்சியை ஒப்படைக்கவேண்டிய நேரம் வந்தது. அங்கேதான் சிக்கல். பாட்டி அதிகாரத்தை விடத் தயங்கினாரா, அல்லது அவசரப்பட்டவர்கள் அவரை ஒதுக்கினார்களா என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. எதிரிகள் அவரைப் பற்றி அவதூறு பரப்பினார்கள் என்றும் சொல்கிறார்கள். முடிவில் அவர் சிறை வைக்கப்பட்டார். கண்ணுக்குத் தெரியும்படி, ஆனால் கைக்கு எட்டாதபடி உணவை வைத்துப் பட்டினியால் வாடவிட்டார்கள் என்றும், அப்படியே அவர் உயிர் பிரிந்தது என்றும் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

ஊரெல்லாம் சத்திரம் கட்டிச் சோறு போட்டவருக்குக் கடைசி நாளில் ஒரு பிடி சோறு எட்டவில்லை என்ற இந்தச் செய்தியைக் கேட்டு மனம் கலங்காதவர் யார்? பெற்றோரைச் சொத்து எழுதி வாங்கும் வரை தாங்கிவிட்டு, பிறகு வீட்டின் பின்கட்டில் ஒதுக்கிவைக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அதுபோலவே, வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கொடுக்க மனமில்லாமல் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பங்குப் பேரவையிலும் பக்தசபைகளிலும்கூட இதைக் காண்கிறோம். இந்த மகாலின் வரலாறு இரு தரப்பையும் பார்த்து எச்சரிக்கிறது.

வீட்டுக்கு வந்துபோனவர்கள்

அதன்பின் அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று? விசயரங்க சொக்கநாதர் கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்தார். ஆட்சியில் கவனம் குறைந்தது. இன்றும் திருவரங்கம் கோயிலுக்குள் அவரும் அவர் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் காணலாம். பாட்டி தூக்கி வளர்த்த குழந்தை அவர்தான். 1732இல் பிள்ளையின்றி இறந்தார்.

அவர் மனைவி இராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். உறவினர் பூசலில் சந்தா சாகிபின் உதவியை நாடினார். சந்தா சாகிப் தாம் கொடுத்த வாக்கை மீறிக் கோட்டையைத் தமதாக்கிக்கொண்டார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார் என்பர். மதுரை நாயக்கர் ஆட்சி அத்தோடு முடிந்தது.

அடுத்து சந்தா சாகிப் திருச்சிக்குத் தலைவரானார். நம் வீரமாமுனிவர் இவரைச் சந்தித்து நன்மதிப்பைப் பெற்றதாகவும், இவரிடம் திவானாக இருந்ததாகவும் மரபுச் செய்தி உண்டு. அதுவும் நீடிக்கவில்லை. 1741இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிபைச் சிறை கொண்டுபோனார்கள். விடுதலையாகித் திரும்பிய அவர், தாம் இழந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் துணையோடு முற்றுகையிட்டார். 1752இல் திருவரங்கத் தீவில் வளைக்கப்பட்டுச் சரணடைந்து, தலை வெட்டப்பட்டு மாண்டார். ஆற்றுக்கு அக்கரையிலேயே அவருடைய பழைய கோட்டை தெரிந்தது.

பிறகு ஆர்க்காட்டு நவாப் முகமது அலி. 1801இல் ஆங்கிலேயக் கம்பெனி. இன்று அரசு. ஒவ்வொருவரும் அந்த வீடு தமது என்றுதான் நினைத்தார்கள். அறிவற்ற செல்வனைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமை நினைவுக்கு வருகிறது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டவன், அன்றிரவே எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். மகாலைக் கட்டியவர் சொக்கநாதர். ஆனால் மக்கள் அதைச் சொக்கநாதர் மகால் என்று சொல்வதில்லை. வாளால் பிடித்தவர்களின் பெயரும் அதற்கு ஒட்டவில்லை. அந்த வீட்டைத் தம்முடையது என்று கொள்ளாமல், பெயரனுக்காகக் காத்த கைம்பெண்ணின் பெயரே நிலைத்தது. மதுரையில் அவர் பயன்படுத்திய தமுக்கம் அரண்மனையும் இன்று காந்தி நினைவு அருங்காட்சியகமாக எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

நம் சிந்தனைக்கு

பாபிலோனில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேல் மக்களை விடுவிக்க, தம்மை அறியாத சைரசு மன்னரைக் கடவுள் தேர்ந்துகொண்டார் என்று எசாயா இறைவாக்கினர் நூலில் வாசிக்கிறோம். கடவுளின் கை எந்த எல்லைக்குள்ளும் அடங்குவதில்லை. 1965இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடும், பிற சமயங்களில் உள்ள உண்மையானதையும் தூயதையும் மதிக்கும்படி நம்மை அழைக்கிறது. நம் மறைமாவட்டத்தின் வரலாற்றில் மறைசாட்சிகளின் இரத்தம் உண்டு. குருக்களின் வியர்வை உண்டு. நம் சமயத்தைச் சாராத ஓர் அரசியின் நல்லெண்ணமும் உண்டு. இதை நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்கிறோமா?

இன்னொரு கேள்வி. அன்று நாம் சிறு கூட்டம். பெரும்பான்மையைச் சேர்ந்த ஒருவர் நமக்காகக் கதவைத் திறந்தார். இன்று நம் பள்ளிகளிலும், மருத்துவமனைகளிலும், தெருக்களிலும், நாம் வலுவாக இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே வாடகைக்கு வீடு கேட்டு வரும் வேற்றுச் சமயத்தவருக்கும், வேற்றுச் சாதியினருக்கும், வட மாநிலத் தொழிலாளிக்கும் நம் கதவு திறக்கிறதா?

அடுத்த முறை தெப்பக்குளம் பக்கம் போகும்போது, அரை மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளோடு அந்த மகாலுக்குள் சென்று வாருங்கள். குவிமாடத்தின் கீழே நின்று, இங்கே ஒரு பாட்டி தன் பெயரனுக்காக நாட்டைக் காத்தார், இந்த ஊர் அரசவையில் நம் குருவானவர் ஒருவர் மதிப்போடு வரவேற்கப்பட்டார் என்று சொல்லிக்கொடுங்கள்.

இறைவா, எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வீடும் பதவியும் பொருளும் உம்முடையவை. அவற்றைக் காக்கும் நாளில் நேர்மையையும், ஒப்படைக்கும் நாளில் மனநிறைவையும் தாரும். எங்கள் வாசலில் வந்து நிற்பவரில் உம்மைக் காணும் கண்களைத் தாரும். ஆமென்.